மூன்றே முக்காலுக்கு அக்கா பேசினாள்

ஜனவரி 19, வியாழன்

எனக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கம் கிடையாது. வருடா வருடம் கோயிலில் கொடுக்கிற டைரி பீரோவுக்கு மேலே தூசி படிந்து கிடக்கும். இந்த வருடம் அதை எடுத்தது என் வீட்டுக்காரருக்காக. டிசம்பரில் அவருக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். தினமும் காலையும் மாலையும் ரத்த அழுத்தம் பார்த்து, சாப்பிட்டது, நடந்தது எல்லாவற்றையும் எழுதி, மார்ச் மாதம் வரும்போது கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் டாக்டர் வளர்மதி.

காலை 134/86. மாலை 128/82. ஓட்ஸ் கஞ்சி, உப்புக் குறைத்த ரசம், அவித்த காய். மைதானத்தில் நாலு சுற்று.

இவ்வளவு எழுதியும் பக்கத்தில் பாதி காலியாக இருக்கிறது. முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்தவளுக்குப் பாதி காலியான தாளைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. அதனால் இது: அவருக்குத் தனிச் சமையல், எனக்குத் தனிச் சமையல் என்று செய்வதிலேயே நேரம் போய்விடுகிறது. பொங்கலுக்கு வந்த முறுக்கும் அதிரசமும் அவர் கண்ணில் படாமல் இருக்க நானே சாப்பிட்டுத் தீர்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 23, திங்கள்

காலை 130/84. மாலை 130/80.

பத்தாம் வகுப்பு பி பிரிவு இரண்டாவது மாடியில். நாற்பத்திரண்டு படி. இன்று பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே கழுத்துக்கு மேல் தீப்பற்றியதுபோல் வேர்த்தது. முன் பெஞ்சில் இருந்த பிள்ளை எழுந்துபோய் ஃபேனைக் கூட்டிவைத்தது. ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கும் இப்படி வரும்போல.

எனக்கு மாதாமாதம் வருவது நாற்பத்தொன்பதில் நின்றது. ஐந்து வருடமாகிறது. இன்னுமா இந்த வேர்வை என்று அறிவியல் டீச்சர் ஹெப்சியிடம் கேட்டேன். "சிலருக்கு அறுபது வரைக்கும் கெடக்கும் டீச்சர். நம்ம தலையெழுத்து" என்றாள். ஹெப்சிக்கு ஐம்பத்தொன்று.

ஜனவரி 31, செவ்வாய்

காலை 128/82. மாலை 126/80. இவருக்கு நன்றாகக் குறைந்துகொண்டு வருகிறது. ஸ்தோத்திரம்.

மாடி ஏறும்போது கீழ்த்தாடை இழுத்தது. நின்றதும் போய்விட்டது. கடைவாய்ப் பல் சொத்தையாக இருக்கும். கிராம்பு வைத்தேன். பரீட்சை முடிந்து மே மாதம் பல் டாக்டரிடம் போகவேண்டும்.

பிப்ரவரி 3, வெள்ளி

காலை 130/80. மாலை பார்க்கவில்லை. அவருடைய தங்கை வீட்டுக்குப் போய்விட்டு வர நேரமாகிவிட்டது. அங்கே எல்லாரும் அவரை உட்கார வைத்து, மின்வாரியத்தில் கம்பம் ஏறிய உடம்புக்கு இப்படி வந்துவிட்டதே என்று வருத்தப்பட்டார்கள். அவருக்குத் தலையணை எடுத்து வந்து முதுகுக்கு வைத்தார்கள். எனக்கும் எங்காவது சாய்ந்தால் தேவலை என்று இருந்தது. பாத்திரம் கழுவிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 7, செவ்வாய்

காலை 128/80. மாலை 124/80.

மூன்றே முக்காலுக்கு அக்கா பேசினாள். வழக்கமான பேச்சு. திருப்புதல் தேர்வுத் தாள் முப்பத்தெட்டு திருத்தி முடித்தேன். நான்கு பேர் பெயில்.

பிப்ரவரி 8, புதன்

நாசரேத். அக்காவை அடக்கம் செய்தோம்.

பிப்ரவரி 11, சனி

மூன்று நாளாக அவருடைய அழுத்தம் பார்க்கவில்லை. இன்று காலை 138/88. அடக்கத்துக்குப் போய்வந்த அலைச்சல்.

நடந்ததை எழுதிவைக்கிறேன்.

அக்கா எஸ்தர் கனகமணி, என்னைவிட நான்கு வயது மூத்தவள், ஐம்பத்தெட்டு. அவள் வீட்டுக்காரர் இறந்து பதினோரு வருடம். அதிலிருந்து நாசரேத்தில் பெண்பிள்ளைகள் போர்டிங்கில் வார்டனாக இருந்தாள். அறுபது பிள்ளைகள். சமையல்காரம்மா வராத நாள் அவளே அடுப்பில் நிற்பாள். அன்றும் சமையல்காரம்மா வரவில்லையாம்.

சாயந்திரம் ஐந்து மணிக்குக் காப்பிக்கு மணி அடிக்கவேண்டும். ஐந்தேகால் ஆகியும் அடிக்கவில்லை என்று பிள்ளைகள் தேடிப்போயிருக்கிறார்கள். சாமான் அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். தூங்குகிறாள் என்று நினைத்து ஒரு பிள்ளை பக்கத்தில் காத்து நின்றிருக்கிறது. ஆஸ்பத்திரியில், மாரடைப்பு, உயிர் போய் அரை மணிக்கு மேல் ஆகிவிட்டது என்றார்கள்.

"நெஞ்சுவலின்னு ஒரு நாளாவது சொல்லியிருப்பாளா? ஆம்பளைக்கு வர்ற நோவு இவளுக்கு எப்பிடி வந்துச்சு" என்று பெரியம்மா மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பாதிரியார் ஐயர் பிரசங்கத்தில், யாருக்கும் பாரமாக இல்லாமல் போனாள் என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள்.

அக்காவுக்கு ஒரே மகள், பியூலா. ஓசூரில் வேலை. காரில் வந்து இறங்கும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அடக்கம் முடிந்து கை கழுவுகிற இடத்தில் என்னிடம் கேட்டாள்.

"சித்தி, அம்மா கடைசியா யாருகிட்ட பேசுனா?"

அக்கா செல்போனை எப்போதும் சார்ஜ் போடாமல்தான் வைத்திருப்பாள். பேசுவதெல்லாம் போர்டிங் ஆபீஸ் போனில். அதில் யார் யாரிடம் பேசினாள் என்று யாருக்கும் தெரியாது.

"பிள்ளைகள்ட்டதான் பேசியிருப்பா" என்று சொன்னேன்.

பிப்ரவரி 15, புதன்

காலை 130/82. மாலை 128/80. இனிமேல் தவறாமல் பார்க்கவேண்டும்.

பள்ளிக்குப் போய்விட்டேன். தலைமையாசிரியை இன்னும் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்திருக்கலாமே என்றார்கள். வீட்டில் இருந்து என்ன செய்ய.

பிப்ரவரி 22, புதன்

சாம்பல் புதன். நாற்பது நாள் லெந்து நோன்பு தொடங்கிவிட்டது. ராச்சாப்பாட்டை விட்டுவிடுவதாக இருக்கிறேன். இவர் கேட்டதற்கு உபவாசம் என்று சொல்லிவிட்டேன். உண்மையில் ஒரு வாரமாகவே சாயந்திரம் ஆனால் எதைப் பார்த்தாலும் குமட்டுகிறது.

காலை 126/80. மாலை 128/82.

இன்று படியில் பாதி வழியில் நிற்கவேண்டி வந்தது. கீழே வந்துகொண்டிருந்த பிள்ளைகளிடம் ஒரு நோட்டை வாங்கித் திருத்துவதுபோல் பார்த்துக்கொண்டு நின்றேன். மூச்சு வந்த பிறகு நோட்டைக் கொடுத்தேன். "டீச்சர், இது இங்கிலீஷ் நோட்டு டீச்சர்" என்றது அந்தப் பிள்ளை.

அக்கா அன்றைக்குப் பேசும்போது களைப்பாக இருக்கிறது என்று சொன்னாள். செய்தி வருமுன் எழுதிய ஏழாம் தேதி பக்கத்தில் இதை எழுதாமல் விட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 27, திங்கள்

காலை 124/80. மாலை 126/78.

ஒன்றுமில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது. வட்டம், தொடுகோடு நடத்தி முடித்தேன்.

மார்ச் 4, சனி

காலை 126/80.

மத்தியானம் துணி காயப்போட்டுவிட்டு வந்தபோது இடது தோள்பட்டைக்கு உள்பக்கம் ஒரு இறுக்கம். வேர்த்துக் கொட்டியது. அடுக்களையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இவர் கூடத்திலிருந்து கேட்டார்.

"என்ன செல்வி, சத்தத்தையே காணோம்?"

"முதுகு பிடிச்சிருக்கு அத்தான். ஒண்ணுமில்ல."

"கேஸா இருக்கும். ஓமவாட்டர் கொஞ்சம் குடி."

கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். வெகுநேரம் அதை எடுக்க முடியவில்லை. ஏன் என்று இன்றைக்கு எழுதப்போவதில்லை.

மார்ச் 11, சனி

இன்று டாக்டர் வளர்மதியிடம் மூன்று மாதப் பரிசோதனை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

இவரைப் பார்த்துவிட்டு, "நல்லாயிருக்கீங்க சார். எழுதிக்கிட்டு வரச் சொன்னேனே" என்றார். நான் எண்களை மட்டும் தனித்தாளில் எடுத்து எழுதி வைத்திருந்தேன். அதை வீட்டு மேஜையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். இவருக்கு அது தெரியாது. என் பையிலிருந்து டைரியை எடுத்து டாக்டரிடம் நீட்டிவிட்டார்.

"நான் வாசிச்சுச் சொல்லுதேன் டாக்டர்" என்று கை நீட்டினேன். டாக்டர் அதற்குள் திறந்துவிட்டார்.

எண்களின் மேல் விரல் வைத்துக்கொண்டே பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஜனவரியில் வேகமாகப் போன விரல் பிப்ரவரியில் நின்றது. பிறகு திரும்ப முதலிலிருந்து புரட்டினார். இந்த முறை எண்களைப் பார்க்கவில்லை என்று தெரிந்தது.

"தாடை இழுத்தது, படியில நின்னது, இது யாருக்கு?"

இவர், "எனக்கு அப்பிடி ஒண்ணுமில்லயே டாக்டர்" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

"உங்களுக்காம்மா?"

"பல்வலி டாக்டர். வயசுக்குண்டான வேர்வை. அது நின்னு அஞ்சு வருசமாச்சு."

"எந்தப் பல்லும்மா படி ஏறுனா வலிச்சு, நின்னா நிக்கும்?"

டாக்டர் குரலை உயர்த்தவில்லை. நாற்பது வயதுக்கு மேல் இருக்காது அவருக்கு. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மாதவிடாய் இருக்கிற வரைக்கும் உடம்புல சுரக்கிறது ஒண்ணு இருக்கு, அது ரத்தக் குழாய்க்குக் கொஞ்சம் காவல் மாதிரி. நின்னதும் அது கொறைஞ்சு போயிடும். கொழுப்பு ஏறும், பிரஷர் ஏறும். ஆம்பளைங்களுக்கு முன்னாடியே வர்றது நமக்குப் பத்து வருசம் கழிச்சு வருது, அவ்வளவுதான். ஆனா எல்லாருக்கும் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுற மாதிரி வராது. மூச்சு வாங்கும், தாடை, முதுகு, குமட்டல், சொல்லத் தெரியாத அசதி. வீட்டு வேலைன்னு நெனைச்சுக்குவாங்க, வயசுன்னு நெனைச்சுக்குவாங்க. கடைசியா எப்போ பிரஷர் பாத்தீங்க?"

யோசித்தேன். மகள் ஷீபா பிறந்தபோது பார்த்திருப்பார்கள். அவளுக்கு இருபத்தாறு வயது. வீட்டில் கருவி இருக்கிறது. இரண்டு வேளையும் நான்தான் இவர் கையில் சுற்றுகிறேன். ஒரு நாள்கூட என் கையில் சுற்றிப் பார்க்கவில்லை.

164/98 இருந்தது.

"உங்க கூடப்பிறந்தவங்க, அப்பா அம்மா, யாருக்காவது ஹார்ட்ல தொந்தரவு உண்டா?"

"இல்லை டாக்டர்" என்றேன்.

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் திருத்தவில்லை என்றானதும் அவரே சொன்னார்.

"போன மாசம் இவ அக்கா தவறிட்டாங்க டாக்டர். ஹார்ட் அட்டாக்தான். அம்பத்தெட்டு வயசு."

டாக்டர் பிப்ரவரிப் பக்கத்தில் திறந்திருந்த டைரியை மூடி என் மடியில் வைத்தார். ஈசிஜி எடுத்தார்கள். பெரிதாக ஒன்றும் காட்டவில்லை. "பாத்தீங்களா, ஒண்ணுமில்ல" என்று சொல்ல வாயெடுத்தேன். "படுத்திருக்கும்போது எடுத்தா சில பேருக்கு இது ஒண்ணும் சொல்லாது. நடக்க வச்சுப் பாக்கணும். திங்கக்கிழமை வாங்க. அதுவரைக்கும் படி ஏறவேண்டாம்" என்றார்.

"பத்தாங் கிளாசுக்குப் பரீட்சை வருது டாக்டர். ஏப்ரல்ல முடிஞ்சதும் வாரேனே."

"திங்கக்கிழமை" என்றார்.

ஆட்டோவில் பாளையங்கோட்டை மார்க்கெட் தாண்டியதும் இவர் என் பையைத் தன் மடிக்கு எடுத்துக்கொண்டார்.

மார்ச் 13, திங்கள்

டிரெட்மில்லில், ஓடுகிற பட்டையில் நடக்க வைத்தார்கள். மூன்று நிமிடம் நாற்பது நொடி. அதற்குள் நிறுத்திவிட்டார்கள். ரத்தத்தில் கெட்ட கொழுப்பு நூற்று எண்பதுக்கு மேல். சர்க்கரையும் எல்லையில் நிற்கிறது. ஆஞ்சியோ செய்யவேண்டும் என்றார்கள்.

பள்ளிக்குப் போன் செய்தேன். தலைமையாசிரியை, "நீங்க வரணும்னு இல்ல டீச்சர். நாங்க பாத்துக்கிடுவோம்" என்றார்கள். ஏ பிரிவு எடுக்கிற இளம் டீச்சரிடம் என் பிள்ளைகளையும் கொடுத்திருக்கிறார்கள். திருப்புதல் தேர்வில் பெயிலான அந்த நான்கு பிள்ளைகளின் பெயரை மட்டும் சொல்லி, அவர்களைத் தனியே கவனிக்கச் சொன்னேன்.

மார்ச் 16, வியாழன்

நேற்று ஆஞ்சியோ. ஒரு குழாயில் எண்பது சதவீதம் அடைப்பு. அப்போதே ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். மணிக்கட்டு வழியாகத்தான். வலி ஒன்றும் பெரிதாக இல்லை. குளிர்தான் தாங்கவில்லை.

பயந்தேனா என்று ஷீபா கேட்டாள். சென்னையிலிருந்து வந்திருக்கிறாள். இல்லை என்றேன். மேலே விளக்கைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தபோது எனக்கு என்னைப் பற்றிய நினைப்பே வரவில்லை. சாமான் அறையும் ஒரு நாற்காலியும்தான் கண்முன் இருந்தன. எனக்குப் பக்கத்தில் ஐந்து பேர் நின்றார்கள்.

மார்ச் 20, திங்கள்

வீட்டுக்கு வந்துவிட்டேன்.

காலை 136/86. மாலை 134/84. இது என்னுடையது. எழுதியது இவர். எண்ணை எழுதிவிட்டுப் பக்கத்தில் 'செல்வி' என்று போட்டிருக்கிறார்.

காலையில் இவரே கோதுமைக் கஞ்சி வைத்தார். கட்டி கட்டியாக இருந்தது. எதிரே உட்கார்ந்து நான் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு ஓமவாட்டர் குடின்னு சொன்னேம்லா" என்றார்.

"விடுங்க அத்தான்."

"ஆஸ்பத்திரியில எனக்கு அவ்வளவு சொல்லிக்கொடுத்தாங்க. எது எது வந்தா உடனே வரணும்னு. நோட்டீசு கூட குடுத்தாங்க. எனக்கு வருதான்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன். நீ சுவரப் பிடிச்சுக்கிட்டு நின்னிருக்க. நான் டிவி பாத்துக்கிட்டு…"

எழுந்து கஞ்சிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனார். முப்பது வருடத்தில் இவர் கண் கலங்கி நான் பார்த்தது இரண்டு தடவை. இது மூன்றாவது.

இவரை எப்படிக் குறை சொல்வேன். நானும் அதையேதான் சொன்னேன். இப்போது எழுதிவிடுகிறேன்.

பிப்ரவரி ஏழாம் தேதி கடைசிப் பீரியட் எனக்கு வகுப்பு இல்லை. ஆசிரியர் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். மூன்றே முக்காலுக்குப் போர்டிங் எண்ணிலிருந்து அழைப்பு. அக்கா.

"ஏட்டி செல்வி, மத்தியானத்துல இருந்து ஒரு மாதிரியா இருக்குட்டி. தாடையெல்லாம் இழுக்கு. முதுகுல கல்லத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு. வேர்த்து வடியுது."

நான் பேனாவைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"எனக்குந்தான்க்கா ஒரு மாசமா இப்பிடி இருக்கு. எல்லாம் அது நின்னதுக்கப்புறம் வர்றதுதான். கேஸா இருக்கும். ஓமவாட்டர் இருந்தா குடிச்சிட்டுப் படு."

"படுத்தா பிள்ளைகளுக்குக் காப்பி யாரு போடுவா?"

"அப்போ செத்த நேரம் உக்காரு."

"உனக்கும் இப்பிடி இருக்குங்கியே. நீ மாடி வேற ஏறி எறங்குத. ரெண்டு பேருமா ஒரு நாள் டாக்டர்கிட்ட போயிட்டு வந்துருவோமா?"

"பரீட்சை முடியட்டும்க்கா."

"சரிட்டி. நீ பேப்பரத் திருத்து."

வைத்துவிட்டாள். மூன்று நிமிடம்கூட இருக்காது. நான் சொன்னபடியே போய் உட்கார்ந்திருக்கிறாள்.

மார்ச் 21, செவ்வாய்

காலை 132/84.

எழுதினால் இறங்கிவிடும் என்று நினைத்தேன். இறங்கவில்லை.

மார்ச் 28, செவ்வாய்

காலை 130/82. மாலை 128/82. வீட்டுக்குள்ளேயே பத்து நிமிடம், மாலையில் தெருவில் பத்து நிமிடம் நடக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். இவரும் கூட வருகிறார். உப்பு, எண்ணெய் எல்லாம் இருவருக்கும் ஒரே அளவு. இப்போது வீட்டில் ஒரே சமையல்தான்.

பள்ளியிலிருந்து ஐந்து பேர் பார்க்க வந்தார்கள். ஆரஞ்சுப் பழம், ஹார்லிக்ஸ். யாரும் என்ன வந்தது என்று நேராகக் கேட்கவில்லை. ஆண் ஆசிரியர்களும் இருந்தார்கள். எல்லாரும் கிளம்பிப் போனபின் ஹெப்சி குடையை விட்டுவிட்டேன் என்று திரும்பி வந்தாள். அவள் கையில்தான் குடை இருந்தது.

"டீச்சர், உங்களுக்கு முதல்ல எப்பிடி இருந்துச்சு?"

சொன்னேன். வெட்கப்படாமல் எல்லாவற்றையும் சொன்னேன். எந்த வயதில் நின்றது என்பதிலிருந்து.

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எனக்கும் லேப் வரைக்கும் நடந்தா இந்த எடத்துல இறுக்குது" என்று கழுத்துக்குக் கீழே தொட்டுக் காட்டினாள். "வீட்டுல சொல்லல. மகளுக்குக் கல்யாணப் பேச்சு நடக்குது."

அக்கா போனில் பேசுவதைக் கேட்பதுபோலவே இருந்தது. இவரைக் கூப்பிட்டேன். இன்று சாயந்திரமே ஹெப்சியை ஆட்டோவில் கூட்டிப்போய், அவள் வீட்டுக்காரரோடு டாக்டர் வளர்மதியிடம் விட்ட பிறகுதான் வீடு திரும்பினார்.

மார்ச் 30, வியாழன்

ஹெப்சிக்கு அடைப்பு எதுவும் இல்லை. ரத்த அழுத்தம் மட்டும் மிக அதிகம். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மூன்று மாதத்தில் ஐந்து கிலோ குறைக்கச் சொன்னார்களாம். போனில் சிரித்தாள். நான் கொஞ்சம் அழுதேன்.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

கோயிலில் மூன்று மணி நேர ஆராதனை முழுவதும் உட்கார்ந்தே இருந்தேன். எழுந்து நிற்கிற இடத்திலெல்லாம் இவர் என் தோளைத் தொட்டு உட்கார வைத்துவிட்டார்.

பியூலா ஈஸ்டருக்கு நாசரேத் வருகிறாள். நானும் வருவேன் என்று சொல்லியிருக்கிறேன். காரில் போகலாம் என்று டாக்டர் அனுமதி கொடுத்துவிட்டார். அவளிடம் சொல்லவேண்டும். சொன்னால் அவளுக்கு அம்மா இல்லாமல் போனதோடு சித்தியும் இல்லாமல் போகலாம். சொல்லாவிட்டால், அவள் என்னைச் சித்தி என்று கூப்பிடும்போதெல்லாம் நான் வேறு யாரோபோல் நிற்கவேண்டும்.

ஏப்ரல் 9, ஞாயிறு

ஈஸ்டர். விடியும் முன்பே கல்லறைத் தோட்டத்தில் கூட்டம். பாடகர் குழு பாடி முடித்ததும் அவரவர் வீட்டுக் கல்லறைக்குப் போய்விட்டார்கள். அக்காவுக்கு இன்னும் கல் கட்டவில்லை. மண்மேடும் மரச் சிலுவையும்தான். பியூலா செவ்வந்திப் பூ கொண்டுவந்திருந்தாள். எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டாள். அவள் மண்ணிலேயே உட்கார்ந்தாள். இவர் கொஞ்சம் தள்ளி வேலிப் பக்கமாகப் போய் நின்றுகொண்டார். அவருக்குத் தெரியும். வரும் வழியில் காரில் சொல்லியிருந்தேன்.

"பியூலா, அன்னைக்கு நீ ஒண்ணு கேட்ட. அம்மா கடைசியா யாருகிட்ட பேசுனான்னு."

அவள் நிமிர்ந்தாள்.

"என்கிட்டதான் பேசுனா. மூணே முக்காலுக்கு. தாடை வலிக்கு, முதுகு அழுத்துது, வேர்க்குன்னு சொன்னா. நான் கேஸுன்னு சொல்லிட்டேன். இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதான்னு சொல்லிட்டேன். உக்காருன்னு சொன்னேன். உங்கிட்ட மறைச்சுட்டேன்."

வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை.

பியூலா பூவைக் கீழே வைத்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கைப்பையிலிருந்து போனை எடுத்து, எதையோ தேடி, என் முன்னால் நீட்டினாள். எனக்குக் கண்ணாடி இல்லாமல் தெரியவில்லை.

"போர்டிங் நம்பர் சித்தி. நாலு மணி, நாலு பத்து, நாலு இருபத்தஞ்சு. மூணு தடவ அடிச்சிருக்கா. நான் மீட்டிங்ல இருந்தேன். சத்தத்தை அமத்திட்டு, சாப்பிட்டியான்னு கேக்கத்தான் கூப்பிடுதான்னு நெனச்சேன். ராத்திரி பேசிக்கலாம்னு விட்டுட்டேன்." போனைத் திருப்பிப் பையில் போட்டாள். "இதை நான் யாருகிட்டயும் சொல்லல. மத்த எல்லாத்தையும் அழிச்சுட்டேன். இந்த மூணையும் அழிக்க முடியல."

நான் கணக்கு டீச்சர். வேண்டாம் என்றாலும் மனம் கூட்டிக் கழித்துவிடும். மூன்றே முக்காலிலிருந்து நாலு இருபத்தைந்து. நாற்பது நிமிடம். நான் சொன்ன பதிலில் அக்காவுக்குத் திருப்தி இல்லை. அது கேஸ் இல்லை என்று அவள் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. நாற்பது நிமிடம் அந்தப் போனுக்குப் பக்கத்திலேயே நின்றிருக்கிறாள். அதற்குப் பிறகுதான் போய் உட்கார்ந்திருக்கிறாள்.

"நீ எடுக்கல. நான் எடுத்தேன்" என்றேன். "எடுத்தும் ஒண்ணும் செய்யல. ரெண்டுல எது பெருசுன்னு நீ பாக்காத. உன் மேல ஒண்ணுமில்ல."

பியூலா நான் சொன்னதைக் கேட்டாளா என்று தெரியவில்லை. சிலுவையில் எழுதியிருந்த பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு ஒரு குடும்பம் கிளம்பிப் போனது. நன்றாக வெளிச்சம் வந்துவிட்டது.

"அப்போ யாருகிட்டயோ பேசியிருக்கா" என்றாள். "நான் எடுக்கலன்னதும் ஒருத்தருகிட்டயும் பேசாமலே போயிட்டான்னுதான் சித்தி இத்தனை நாளா நெனச்சுக்கிட்டிருந்தேன். அந்த ரூமுக்குள்ள, தனியா, ஒரு வார்த்தை பேசாம."

நாற்காலியிலிருந்து இறங்கி அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தேன். இவர் வேலிப் பக்கத்திலிருந்து ஓர் அடி எடுத்து வைத்தார். வேண்டாம் என்று கை காட்டினேன்.

"என்ன பேசுனா? குரல் எப்பிடி இருந்துச்சு? ஏட்டின்னு கூப்பிட்டாளா?"

"ஏட்டி செல்வின்னுதான் கூப்பிட்டா."

"மொதல்லருந்து சொல்லுங்க. ஒண்ணையும் விட்டுராதீங்க."

சொன்னேன். அக்கா பேசிய ஒவ்வொரு சொல்லையும் சொன்னேன். கல்லைத் தூக்கி வைத்ததுபோல் என்றதையும், பிள்ளைகளுக்குக் காப்பி யார் போடுவா என்று கேட்டதையும், இரண்டு பேருமாக டாக்டரிடம் போவோம் என்றதையும் சொன்னேன். இடையிடையே நான் சொன்ன பதிலையும் விடாமல் சொன்னேன். பிள்ளைகளுக்குக் காப்பி என்ற இடத்தில் பியூலா லேசாகச் சிரித்தாள். "அம்மாதான்" என்றாள். பேப்பரைத் திருத்து என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள் என்று முடித்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன்.